கை வைக்காத இடம்

ஏற்காடு பஜாரில் டீக்கடைக்காரருக்கு டம்ளர் குறைந்தால் யாரையும் சந்தேகப்பட மாட்டார். எலக்ட்ரிக் பாய் காலையில் எந்தப் பக்கம் நடந்தார் என்று மட்டும் விசாரிப்பார். அந்த வழியே போனால் மருந்துக்கடை ஜன்னலில் ஒன்று, பஸ் நிலையச் சுவரில் ஒன்று, யாரோ நிறுத்திவிட்டுப் போன ஜீப்பின் மேல் ஒன்று என்று டம்ளர்கள் கிடைத்துவிடும். ஓர் இடத்தில் நின்று டீ குடிக்கத் தெரியாத மனிதர். முதல் வாய் கடையில், இரண்டாவது வாய் ரோட்டில், கடைசி வாய் எங்கே என்பது அல்லாவுக்குத்தான் தெரியும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வண்டிகளுக்குக் கரண்ட் வேலை பார்ப்பவர். பஜாரில் பாய்மார் பலர் உண்டு. துணிக்கடை பாய், கறிக்கடை பாய், பழக்கடை பாய். அதனால் இவர் எலக்ட்ரிக் பாய். சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லி முடிக்கும்வரை நின்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஒல்லி உடம்பு. காதில் பென்சில் மாதிரி ஒரு டெஸ்டர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். "சேலத்து உடம்புங்கக்கா, இந்தக் குளிரு ஒத்துக்கறதில்ல" என்பார். மலைக்கு வந்து பாதி ஆயுசு போன பிறகும் அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. கை இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாகத்தான் சொல்ல வேண்டும். கிரீஸும் கரியும் ரேகையில் ஊறிப்போன கை. அவர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்துபோனால் சுவிட்சுப் பலகையில், கதவு நிலையில், காலண்டரில் எல்லாம் விரல் பதிந்திருக்கும். நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை, கேட்டுவிடுவேன்.

"ஏனுங்க பாய், கையக் கழுவீட்டு உள்ள வந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"கழுவுனா மறுக்கா கருப்பாவப் போவுதுங்கக்கா. பாவம், அந்தச் சோப்பு என்னுங்க பண்ணுச்சு?"

வேலைக்கு நடுவே அவர் கை கழுவுவது தொழுகைக்குப் போகும்போது மட்டும். கடைக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. அங்கே நின்று விரல் இடுக்கு விடாமல், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அந்த நேரத்தில் மட்டும் அவசரம் இருக்காது. பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்த சற்று நேரத்தில் கை பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கை சும்மா இருக்காது என்பதுதான் அவரைப் பற்றிய மொத்தச் செய்தி. ஏதாவது ஒன்று சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. ஒரு நாள் நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைப் பார்க்க வந்தவர், நான் டீ போட உள்ளே போய்விட்டு வருவதற்குள் என் மிக்சியைக் கழற்றிப் பேப்பர் மேல் பரப்பி வைத்திருந்தார்.

"யாருங்க இதப் பாக்கச் சொன்னது?"

"நீங்க சட்னி அரைச்சப்பவே கேட்டனுங்க. அழுதுட்டு ஓடுது."

குரங்கு கையில் பூமாலை என்று வாய்விட்டே சொன்னேன். அவருக்கு அதெல்லாம் உறைக்காது. மிக்சி பிறகு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எல்லாமே நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

கொட்டச்சேட்டில் எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய ஜீப்புக்குக் காலகாலமாகப் பாய்தான் வேலை பார்த்தவர் என்பதால் அவரும் துக்கத்துக்கு வந்திருந்தார். உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டி மோட்டார் ஓடிக்கொண்டே இருந்துவிட்டு அவ்வப்போது ஒரு இழுப்பு இழுத்தது. அழுகைக்கு நடுவே அது வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. சுவரோரம் நின்றிருந்த பாய் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார். எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே. மெல்ல வந்து பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டார். பார்த்தவர்கள் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் பிளக்கைப் பிடுங்கித் திருகு கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டி அடங்கியது. அடங்கியது அடங்கியதுதான், மறுபடி ஓடவே இல்லை. வீட்டில் அழுகையும் நின்றுபோனது. இறந்தவரின் மகன் அவர் மப்ளரைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்.

ஏற்காட்டுக்குப் போய் ஐஸ் பாளம் வாங்கிவர என் வேனைத்தான் எடுத்தோம். பாளத்தின் மேல் சாக்கைப் போர்த்திப் பிடித்தபடி பின்னால் நின்றுகொண்டே வந்தார் பாய். வாயைத் திறக்காமல் வருகிறாரே, வருத்தம்போல என்று நினைத்தேன். மஞ்சக்குட்டை பிரிவு தாண்டியதும் சொன்னார்.

"எப்படியும் நின்னுருக்குமுங்கக்கா. நான் தொட்டதுனால கொஞ்சம் முன்னாலயே நின்னுருச்சு, அவ்வளவுதான்."

இந்த மனிதரிடம்தான் என் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

நான் மஞ்சக்குட்டையிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன் காப்பி பறித்தேன். அட்டை கடித்த காலும் ஈரக் கூடையும் போதும் என்று தோன்றிய வருஷம், எங்கள் வீட்டுக்காரர் ஒரு பழைய வேனை வாங்கி நிறுத்தினார். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர்; ஊருக்கு மட்டுமில்லை, எனக்கும் அவர் ரைட்டர்தான். அதிகம் பேசாதவர். அன்பாக ஒரு வார்த்தை வாயிலிருந்து வாங்குவது பாறையில் நார் உரிக்கிற வேலை. அவருக்கு ஓட்டவும் தெரியாது. "நீ ஓட்டு புள்ள" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாவியை அவர் கொடுத்த விதத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

பழைய வேன் என்றால் வியாதி இல்லாமல் வராது. வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடும். பிரேக் மிதித்தால் ஹாரன் முனகும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பாய் அதைச் சரிசெய்த விதம்தான் அவரை நான் முதன்முதலில் அறிந்த விதம். வண்டியைக் கடையில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். கூடாது என்றார்.

"நின்ன வண்டி எல்லாமே நல்ல வண்டிங்கக்கா. ஓட்டுங்க, நான் வாரேன்."

ஓட்டினேன். அவர் முன்சீட்டில் உட்காரவில்லை, பின்னால் குனிந்து நடந்துகொண்டே வந்தார். தரையைத் தட்டினார், கூரையைத் தட்டினார், பிள்ளைகளிடம் பேட்டி எடுத்தார். "கண்ணு, ஹாரன் முனகறப்ப உள்ள வெளிச்சம் கொறையுதா? நல்லா நெனச்சுச் சொல்லு சாமி." குறைகிறது என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். அவ்வளவுதான். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அடியில் புகுந்தார். பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து திரிந்திருக்கிறது. சுரண்டி முடுக்கினார். ஹாரன் அடங்கியது. பிள்ளைகளுக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

அவருக்கு ஒரு வார்த்தை உண்டு. "சத்தம் பொய் சொல்லாதுங்க, ஆளுதான் சொல்லும்." வண்டிக்காரர்கள் பள்ளத்தில் இடித்ததை மறைப்பார்களாம், மலிவு எண்ணெய் ஊற்றியதை மறைப்பார்களாம். அதனால் ஓனர் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டு எஞ்சினிடம் போய்விடுவார்.

ஐப்பசியில் பனி இறங்க ஆரம்பித்ததும் வேன் இருமத் தொடங்கியது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் மிஸ் அடிக்கும். ஏற்றத்தில் மூச்சு முட்டும், ஒரு உதறு உதறும், மறுபடி பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி சமத்தாக ஓடும். பாய் கடை முன்னால் நிறுத்தினால் தங்கக் கம்பி. இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்.

"என்னையப் பொய் சொல்றேன்னு பாக்கறீங்களா பாய்?"

"உங்கள இல்லீங்க. வண்டியத்தான் பாக்கறேன். நடிக்குது."

பிறகு ஒரு திங்கட்கிழமை, எதிரே வருகிற பஸ் தெரியாத பனியில், கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது வேன் நின்றேபோனது. பிரேக்கை மிதித்தும் ஈர ரோட்டில் பின்னால் நழுவியது. கை பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி சொல்லாமலே குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டாள். பிள்ளைகள் யாரும் அழவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. சாயங்காலம் ஒரு தாய் வந்து, "தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்துத் தன் பிள்ளையை நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் நிறுத்தவில்லை, ஆனால் காலையில் பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ரைட்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "வித்துரலாம் புள்ள" என்றார். நான் அவர் சோற்றை மூடி வைத்தேன். ஒரு வாரம் கழித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழே இருந்து வண்டி பார்க்க ஆள் வருகிறது என்றார். ஆள் வந்தால் வேன் போய்விடும். வேன் போனால் எனக்குக் கூடை. இதுதான் நிலைமை. நான் பஜாருக்குப் போய்ப் பாயிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அந்த வாரம் அவர் கடையில் இருந்த நேரம் குறைவு. விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து மஞ்சக்குட்டையில் வந்து இறங்குவார். மப்ளருக்கு மேல் ஒரு கம்பளி. எங்கள் வேனில் முன்சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். அங்கே மண்டியிட்டு, பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்கைக் கழற்றுவார், ஊதுவார், வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். பிளக் எல்லாம் மாற்றினார். பிளக்குக்குப் போகிற ஒயர்களை மாற்றினார். கரண்டைப் பிரித்து அனுப்புகிற கருப்பு மூடியை மாற்றினார். பெட்ரோல் குழாயை ஊதினார். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, "இதுதானுங்க" என்பார். மறுநாள் பனியில் வேன் இருமும். "இது இல்லீங்க" என்று அடுத்ததில் கை வைப்பார். திருகாத திருகு இல்லை, தொடாத ஒயர் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. விடியலில் வந்துவிட்டார். ரைட்டர் எஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பனி வாசலுக்குள் வந்து நின்றது. வேனைக் கிளப்பினேன். கிளம்பியதும் இருமியது. பாயின் முகத்தில் கல்யாணக் களை.

"அணைக்காதீங்க, அணைக்காதீங்க! இன்னைக்குப் புடிச்சுட்டேன்!"

முன்சீட்டைத் தூக்கினார். இருட்டு வேண்டும், கரண்ட் ஒழுகினால் இருட்டில்தான் தெரியும் என்றார். கம்பளியை எடுத்துத் தலையோடு எஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டார், சளி பிடித்தவர்கள் ஆவி பிடிக்கிற மாதிரி. உள்ளே இருந்து குரல் வந்தது. "குடுங்க… விடுங்க… இன்னுங் கொஞ்சம் குடுங்க…" நான் ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் கொடுத்தேன். வண்டி உதறியது. பிறகு குரல் வரவில்லை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கம்பளி அசையவில்லை.

வெளியே வந்தபோது கல்யாணக் களை இல்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை தொங்கி நான் பார்த்ததில்லை.

"தெரிஞ்சுதுங்களா பாய்?"

"இல்லீங்க."

"உள்ள அத்தன நேரம் என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுந் தெரீலீங்கக்கா."

சத்தம் பொய் சொல்லாது, ஆள்தான் சொல்லும் என்று அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதையும் அன்றைக்குப் பார்த்தேன். சீட்டை இறக்கி மூடினார். டீ வேண்டாம் என்றார். போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மனதில் இருந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் கையை வைத்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. நான் கொண்டுபோன வசவு எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

"பாய், நாளைக்கு ஆள் வருது. வண்டி போயிருமுங்க."

"தெரியுமுங்க."

"அப்ப என்னன்னு சொல்லுங்க. ஓட்டறது நானு. நின்னா பள்ளத்துல போறதும் நானுந்தான்."

அவர் நிமிரவில்லை. "உங்ககிட்டச் சொல்றது செரியில்லீங்கக்கா. நாளைக்குக் காத்தால வாரேன். ரைட்டர ஊட்டுல இருக்கச் சொல்லுங்க. ஆள் வாரதுக்கு முன்னால வந்தர்றேன்."

ஓட்டுகிற என்னிடம் சொல்லாமல், ஓட்டத் தெரியாத மனிதரிடம் சொல்ல வேண்டுமாம். ஆம்பளைக்கு ஆம்பளை பேசினால்தான் எஞ்சின் கேட்கும்போல என்று கரித்துக்கொட்டியபடி வீடு திரும்பினேன். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சீட்டைத் தூக்கி நானும் பார்த்தேன். எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எப்போதும் இருப்பதுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் நல்ல பனி. ரைட்டர் வழக்கம்போலக் குளித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார். அந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வேனைக் கொண்டுபோய்ப் பூசை போட்டபோது தொடங்கிய பழக்கம் அது. பூசாரி ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனதும், இவர் சீட்டைத் தூக்கி உள்ளேயும் ஒன்று வைத்தார். அங்கே காயில் என்று ஒரு சாமான் உண்டு. பேட்டரியின் கொஞ்சக் கரண்டை வாங்கிப் பெரிசாக்கிப் பிளக்குகளுக்கு அனுப்புவது. உருண்டையாக, உச்சியில் குமிழோடு நிற்கும். "கலசமாட்டம் இருக்குது பாரு" என்று இவர் அதன் தலையில்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தார். முதலில் வெள்ளிக்கிழமை தோறும். வேன் வளைவில் நின்ற நாளிலிருந்து தினமும். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. நான் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. இப்படித்தான் சொன்னார்.

பாய் வந்தார். வணக்கம் சொல்லிவிட்டுக் கம்பளியை ரைட்டரிடம் நீட்டினார்.

"நான் எதுக்குங்க பாய்?"

"நீங்களே பாருங்க ரைட்டரே. நேத்து நான் பாத்தேன். நான் சொல்றதவிட நீங்க பாத்தா நல்லதுங்க."

ரைட்டர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மண்டியிட்டார். பாய் கம்பளியை அவர் தலைக்கு மேல் போர்த்திவிட்டு விலகி நின்றார். நான் எஞ்சினைக் கிளப்பி மிதித்தேன். வண்டி இருமியது, உதறியது. ரொம்ப நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். மோதிர விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"நீலமா நூலாட்டம் ஓடுது புள்ள" என்று என்னிடம் சொன்னார். அந்த விரலைப் பார்த்தார். "நான் வெச்ச பொட்டு மேல."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பனிக்குச் சந்தனம் காயறதில்லீங்க. ஈரமாவே நிக்குது. கரண்டுக்கு அது பாலமாட்டம் ஆயிருது. பிளக்குக்குப் போவோணும்னது பொட்டு மேல எறங்கி ஓடிப்போவுது. எஞ்சின் சூட்டுல காஞ்சதும் செரியாயிருது. அதான் கடையில வந்து நடிச்சுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அத்தனையும் கழட்டிப் பாத்தீங்களே பாய், அந்த ஒண்ண மட்டும் தொடவே இல்லீங்களா?"

"சாமிக்கு வெச்சதுங்கக்கா." அவர் கருப்புக் கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கைய வெச்சு நான் அதை எப்படிங்க தொடுவேன்? சுத்தியும் பாத்தேன். அத மட்டும் உட்டுட்டேன். புதுக் காயில் போட்டர்லாம்னா, அதுக்கும் ரைட்டரு மனசார வெப்பாருங்க. வெக்காதீங்கன்னு நான் சொல்லலாங்களா? நான் சொன்னா அது வேற பேச்சா ஆயிருமுங்க."

எஞ்சின் இன்னும் இருமிக்கொண்டிருந்தது. அணைத்தேன். ஐஸ் பெட்டியைக் கழற்றிய கை, கேட்காமல் மிக்சியைப் பிரித்த கை. உலகத்தில் அது விட்டுவைத்த ஒரே இடம் இதுதான். வியாதியும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டருகில் குனிந்தேன். ரைட்டர் என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார். அவரே துடைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பாயிடம் போனார்.

"நீங்க தொடைங்க பாய்."

"நீங்களே தொடைங்க ரைட்டரே. உங்க கையில வெச்சது."

"வெச்ச கை எடுக்க மாட்டேங்குது. நீங்க தொடைங்க."

பாய் துணியை வாங்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு எங்கள் குழாயடிக்குப் போனார். மப்ளரை அவிழ்த்துக் கல்லில் வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். சோப்பு எடுத்து விரல் இடுக்கு விடாமல், முழங்கை வரைக்கும், கடைக்குப் பின்னால் தொழுகைக்குக் கழுவுகிற அதே நிதானத்தோடு கழுவினார். அந்தக் குளிரில், அந்த ஐஸ் தண்ணீரில். கருப்புத் தண்ணீர் என் செம்பருத்திப் பாத்திக்கு ஓடியது. எஞ்சினைத் தொடுவதற்காகக் கை கழுவிய மெக்கானிக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திரும்பி வந்து காயிலைத் துடைத்தார். அடுக்கடுக்காகச் சந்தனம் வந்தது. அடியில் முடி மாதிரி மெல்லிய கரிக்கோடு. சுரண்டி எடுத்த சந்தனத்தைக் கீழே போடாமல் துணியில் முடிந்து ரைட்டர் கையில் கொடுத்தார். நான் சாவியைத் திருப்பினேன். பனியிலும் எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. பாய் வேனைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். கூரையைத் தட்டினார், கதவை ஆட்டிப் பார்த்தார், வலது கண்ணாடி கிறீச்சிடுகிறது என்றார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார்.

வண்டி பார்க்க ஆள் வந்தபோது, "குடுக்கறதில்லீங்க" என்று ரைட்டர் ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். பாய்க்கு டீ கொடுக்கலாம் என்று தேடினால் ஆள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். மப்ளரை மறந்துவிட்டுப் போயிருந்தார். சில வருஷத்தில் கடையையும் மூடிக்கொண்டு மலையை விட்டே இறங்கிவிட்டார். மகள் கூப்பிட்டாள் என்கிறார்கள், குளிர் என்கிறார்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கே இருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சோப்பு கரியாகக் கிடந்தது. எடுத்து எறிந்துவிட்டுப் புதுசு வைக்கலாம் என்று போனேன். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது. மறுநாள் விடியலில் ரைட்டர் எழுந்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்துத் திண்ணையில் தயாராக வைத்தார். இனிமேல் ஸ்டியரிங்குக்கு மட்டும். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயடியில் கிடந்த அந்தக் கருப்புச் சோப்பையே கையில் எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.